நீண்ட தூர நடைக்கு மெத்தென்ற காலணி: உணர்ச்சி குறைந்த பாதங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் முறை

நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு நடைப்பயிற்சி, மருந்துக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் அடுத்தபடியாகச் சொல்லப்படும் சிகிச்சையாகும். ஆனால் அதே நோய் சில ஆண்டுகளில் பாதங்களின் நரம்புகளைப் பாதித்து, வலியையும் சூட்டையும் உணரும் திறனைக் குறைத்துவிடக்கூடும். ஆகவே நடக்கவும் வேண்டும். நடப்பதால் புண் உண்டாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து நடப்பது பெரும்பாலும் காலணியைப் பொறுத்தது.

நாள்தோறும் சில கிலோமீட்டர் நடப்பவர்கள், கோயில் நடைப்பயணமாகவோ மலையேற்றமாகவோ நீண்ட தூரம் செல்ல விரும்புபவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினர் ஆகியோருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழி, மதுராந்தகம் வட்டாரத்திலிருந்து தரப்பட்டுள்ளன. ஏரிக்கரை, தார்ச்சாலை, முள் விழுந்த வண்டிப்பாதை ஆகிய மூன்றும் உள்ள எந்த ஊருக்கும் இவை பொருந்தும்.

கடைக்குச் செல்லும் முன் செய்ய வேண்டிய சோதனை

காலணிக் கடையில் அனைவரிடமும் கேட்கப்படும் கேள்வி, "போட்டுப் பாருங்கள், வசதியாக இருக்கிறதா?" என்பதுதான். உணர்ச்சி குறைந்த பாதம் இக்கேள்விக்குச் சரியான பதிலைத் தராது. இறுக்கமான காலணியையும் அது வசதி என்றே சொல்லும். இன்னும் சொல்லப்போனால், நரம்பு பாதிப்பு உள்ளவர்கள் பலர் தமக்குத் தேவையானதைவிடச் சிறிய அளவையே தேர்ந்தெடுக்கிறார்கள். சரியான அளவுள்ள காலணி அவர்களுக்குக் காலில் எதுவுமே இல்லாததுபோலத் தோன்றுகிறது. இறுக்கமானது மட்டுமே பாதத்தைப் பற்றியிருப்பதாகத் தெரிகிறது. எனவே உங்கள் பாதம் சொல்லும் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இதனை வீட்டிலேயே, எந்தக் கருவியும் இன்றிச் சோதிக்கலாம். நோயாளி கால்களை நீட்டிப் படுத்துக் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். கவனிப்பவர் தம் ஆட்காட்டி விரலின் நுனியால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, ஓரிரு வினாடிகள் மட்டும் மிக மென்மையாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ வருடவோ கூடாது. ஒருமுறை தொட்ட விரலை மறுமுறை தொடக்கூடாது. தொட்டதை உணரும்போதெல்லாம் நோயாளி "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும். இரு பாதங்களிலும் சேர்த்து 6 விரல்களில் 2 அல்லது அதற்கு மேற்பட்ட விரல்களில் தொடுதல் தெரியவில்லை என்றால், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கிய இம்முறை, மருத்துவமனைகளில் 10 கிராம் நைலான் இழையைக் கொண்டு செய்யப்படும் சோதனைக்கு நெருக்கமான முடிவைத் தருகிறது. சோதனையில் குறை தெரிந்தால், காலணி வாங்குவதற்கு முன்பே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதங்களைக் காட்டவும். உணர்ச்சியோடு இரத்த ஓட்டமும் பார்க்கப்பட வேண்டும். அதனை வீட்டில் முழுமையாகச் சோதிக்க இயலாது.

8 கிலோமீட்டரில் எத்தனை காலடிகள்?

தமிழ்நாடு அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நீள நடைபாதை ஒன்று இதற்கென அடையாளப்படுத்தப்பட்டது. ஓர் அடிக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 8 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11,400 காலடிகள் ஆகின்றன. அதாவது ஒவ்வொரு பாதமும் 5,700 முறை உடலின் முழு எடையையும் தாங்குகிறது. காலடி சிறிதாக உள்ள முதியவர்களுக்கு எண்ணிக்கை இன்னும் கூடும்.

உணர்ச்சியுள்ள பாதம் இந்த எண்ணிக்கையைத் தானே சமாளித்துக்கொள்கிறது. 2,000 அடிகளுக்குப் பிறகு பெருவிரலின் அடிப்பகுதி லேசாக எரியத் தொடங்கும். நாம் அறியாமலேயே எடையைப் பாதத்தின் வெளிப்புறத்திற்கு மாற்றிவிடுவோம், அல்லது சிறிது நேரம் நிற்போம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் இந்த மாற்றம் நிகழ்வதில்லை. ஒரே இடம் 5,700 முறையும் அடி வாங்குகிறது. கண்ணாடித் துண்டோ ஆணியோ குத்தினால்தான் புண் வரும் என்பது தவறான எண்ணம். மிதமான அழுத்தமே ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுந்தால், அவ்விடம் முதலில் சூடாகி, பிறகு வீங்கி, தோலுக்கு அடியில் திசு சிதைந்து புண்ணாகிறது. மேல்தோல் காய்ப்புப் பிடித்து நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்போதே உள்ளே இது நடந்துகொண்டிருக்கலாம்.

இதை நமக்குக் கற்பித்தவர்கள் தொழுநோயாளிகள்

பாதத்திற்கான மெத்தை என்பது ஓட்டப்பந்தய வீரர்களுக்காக மட்டும் தோன்றியதன்று. அதன் வரலாற்றின் ஒரு பகுதி வேலூரிலும் செங்கல்பட்டிலும் உள்ளது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். தொழுநோயால் கை, கால் விரல்கள் தாமாக அழுகி விழுவதாக அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. உணர்ச்சி இழந்த பாதத்தைக் கொண்டு வழக்கம்போல நடப்பதே புண்ணுக்கும் விரல் இழப்புக்கும் காரணம் என்று பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினர். பாதத்தின் மேல் அழுத்தத்தைப் பரப்பிவிடும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புகள் அம்முயற்சியின் பயனாகப் பரவின. இன்று அவை எம்.சி.ஆர். செருப்பு என்று அழைக்கப்படுகின்றன. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் இயங்கிவரும் மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நெடுங்கால அனுபவம் உடையது. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ், பாத உணர்ச்சி இழந்தவர்களுக்கு இச்செருப்புகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. நீரிழிவு நோயாளிகளின் பாதத்திற்கும் பின்னர் இதே முறை கையாளப்பட்டது.

"எம்.சி.ஆர். செருப்பு போட்டால் தொழுநோய் என்று நினைப்பார்கள்" என்ற தயக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அந்தத் தயக்கத்தால் இழந்த விரல்கள் பல. இப்போது இவை வழக்கமான தோற்றத்திலும் நிறத்திலும் கிடைக்கின்றன.

எம்.சி.ஆர். செருப்பின் அமைப்பிலிருந்து ஒரு பாடத்தை எந்தக் காலணிக்கும் எடுத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு அடுக்குகள் உண்டு. பாதத்தைத் தொடும் உள் அடுக்கு மென்மையானது. தரையைத் தொடும் வெளி அடுக்கு கடினமானது. மென்மை பாதத்திற்கு, கடினம் தரைக்கு. இந்த இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அது நீண்ட தூர நடைக்கு ஏற்ற காலணி ஆகாது.

டிரெயில் ரன்னிங் ஷூ நமக்கு ஏற்றதா?

மலைப்பாதையிலும் காட்டுப்பாதையிலும் ஓடுபவர்களுக்கான 'டிரெயில் ரன்னிங்' காலணிகள் இப்போது நம் ஊர்க் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ பெற்றோருக்கு இவற்றை வாங்கி அனுப்புவதும் உண்டு. பிரான்சில் 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹோக்கா நிறுவனம் மலைச்சரிவில் வேகமாக இறங்குவோருக்காகத் தடித்த மெத்தையுள்ள காலணிகளைச் செய்தது. பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 30 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான அடிப்பகுதி இன்று சாதாரணம். இப்பக்கம் எந்த நிறுவனத்தையும் பரிந்துரைக்கவில்லை. இவ்வகைக் காலணிகளின் அமைப்பில் எது உங்களுக்குப் பயன்படும், எது பயன்படாது என்பதை மட்டும் விளக்குகிறது.

முதலாவதாக மெத்தை. கட்டைவிரலால் அழுத்தினால் சற்று அமுங்கி, விட்டவுடன் மேலெழும்ப வேண்டும். விரல் பஞ்சில் புதைவதுபோல உள்ளே போனால், அது சில வாரங்களில் தட்டையாகிவிடக்கூடும். கடையில் கைக்கு மிக மெத்தென்று தோன்றுவது 8 கிலோமீட்டர் கழித்தும் அப்படியே இருக்கும் என்று சொல்ல இயலாது. தடிமனும் மென்மையும் மிகுந்த அடிப்பகுதிக்கு இன்னொரு குறையும் உண்டு. உணர்ச்சி குறைந்தவருக்குத் தரையின் மேடு பள்ளம் ஏற்கெனவே சரியாகத் தெரியாது. அதன்மேல் ஆடும் மெத்தையும் சேர்ந்தால் கணுக்கால் பிசகும், விழும் வாய்ப்பும் கூடும். எனவே 65 வயதைக் கடந்தவர்கள், தடுமாற்றம் உள்ளவர்கள், கண்பார்வை குறைந்தவர்கள் மிகத் தடித்த வகையைத் தவிர்ப்பது நல்லது. கடையில் நோயாளி நடக்கும்போது கவனிப்பவர் பின்னால் நின்று குதிகாலைப் பார்க்கவும். ஒவ்வோர் அடியிலும் குதிகால் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்தால் அந்தக் காலணி வேண்டாம்.

இரண்டாவதாக, தொட்டில் போன்று முன்புறம் மேல்நோக்கி வளைந்த அடிப்பகுதி. இவ்வளைவு பாதத்தை முன்னோக்கி உருட்டிவிடுகிறது. பெருவிரலின் அடிப்பகுதியில் விழும் அழுத்தம் அதனால் குறைகிறது. நீரிழிவுப் பாதப் புண்கள் மிகுதியாகத் தோன்றும் இடங்களுள் அது ஒன்று என்பதால், இவ்வகைக் காலணிகளில் நமக்கு மிகவும் பயன்படும் அமைப்பு இதுவே எனலாம். காலணியின் முனையையும் குதியையும் இரு கைகளால் பிடித்து வளைத்துப் பார்க்கவும். விரல்கள் மடங்கும் இடத்தில் சற்று மடங்கலாம்; நடுவில் மடங்கினாலோ, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்க முடிந்தாலோ, அது நீண்ட தூரத்திற்கு ஏற்றதன்று.

மூன்றாவதாக, அடியில் உள்ள பற்கள். ஆழமான பற்கள் சேற்றுக்கும் செம்மண் சரிவுக்கும் உரியவை. கருங்குழியிலிருந்து ஏரிக்கரைக்குச் செல்பவர் பாதித் தூரம் தார்ச்சாலையிலும் மீதித் தூரம் மண்ணிலும் நடக்கிறார். அத்தகைய நடைக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழமுள்ள பற்களே போதும். தனித்தனியாக நிற்கும் உயரமான பற்கள் தாரில் விரைவில் தேயும்.

நீர் புகாத உறை உள்ளவை என்று விற்கப்படும் காலணிகளை நம் தட்பவெப்பத்தில் தவிர்க்கவும். மழைநீர் உள்ளே வராதிருக்கலாம். ஆனால் வியர்வையும் எளிதில் வெளியே போகாது. ஊறிய தோல் எளிதில் உரியும், விரலிடுக்கில் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான வலைத்துணி மேற்பகுதியே நல்லது. நனைந்தால் கழற்றி, பாதத்தைத் துடைத்து, உலர்ந்த காலுறை மாற்றிக்கொள்ளலாம்.

சீமைக் கருவேல முள்

மெத்தையைப் பற்றிய அறிவுரைகள் பல வெளிநாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் சீமைக் கருவேல முள் வராது. நம் ஏரிக்கரைகளிலோ அதுவே முதன்மையான இடர். நன்கு முற்றிய முள் ஓர் அங்குலத்திற்கும் மேல் நீளமாக இருக்கும். மென்மையான ஃபோம் சோலில் எளிதில் இறங்கும். பெரும்பாலும் அது அன்றே பாதத்தைத் தொடுவதில்லை. சோலுக்குள் முறிந்து தங்கி, ஒவ்வோர் அடியிலும் சிறிது சிறிதாக மேலேறி, சில நாட்களுக்குப் பிறகு உள்ளங்காலில் குத்தத் தொடங்குகிறது. உணர்ச்சி உள்ளவர் உடனே காலணியைக் கழற்றிப் பார்ப்பார். உணர்ச்சி இல்லாதவர் அதனோடு நாள் முழுதும் நடப்பார். இரவில் காலுறையில் இரத்தக் கறையைப் பார்க்கும் வரை தெரியாது. வெளிர்நிறக் காலுறை அணியுமாறு மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

டிரெயில் காலணிகள் சிலவற்றில் மெத்தைக்கு நடுவிலோ கீழோ மெல்லிய கடினத் தகடு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். கூர்மையான கல் உறுத்தாமலிருக்க வைக்கப்படும் இத்தகடு, முள்ளையும் ஓரளவு தடுக்கும். தகடு பெரும்பாலும் பாதத்தின் முன்பகுதியில் மட்டும் இருப்பதால், குதிகாலுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை நினைவில் கொள்ளவும். தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காலணியைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் அடிப்பகுதியைப் பார்த்து, தைத்திருக்கும் முட்களைக் குறட்டால் பிடுங்கிவிட வேண்டும். அடுத்த முறை அணியுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கவும். விரலுக்கு உணர்ச்சி குறைந்திருந்தால் வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். கல், முறிந்த முள், மடிந்த இன்சோல், சில சமயம் தேள் ஆகியவை இவ்வாறு கண்டுபிடிக்கப்படுபவை.

அளவெடுக்கும் முறை

பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஆகையால் அளவை மாலையில் எடுக்கவும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு காகிதத்தை வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி நின்று, இரு கால்களிலும் எடையைச் சமமாக ஊன்றவும். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். தாமே குனிந்து வரைந்தால் எடை மாறி அளவு பிசகும். இரு பாதங்களையும் வரையவும். பெரும்பாலானோருக்கு இரண்டும் சமமாக இருப்பதில்லை. பெரிய பாதத்தின் அளவுக்கே காலணி வாங்க வேண்டும். நீளத்தைப் பெருவிரலிலிருந்து கணக்கிடுவது வழக்கம். சிலருக்கு இரண்டாம் விரலே நீளமானது. மிக நீண்ட விரலின் நுனியிலிருந்து காலணியின் உள்முனை வரை 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. நீண்ட தூர நடையிலும் இறக்கங்களிலும் பாதம் முன்னோக்கி நகரும் என்பதால் இந்த இடைவெளியைக் குறைக்கக் கூடாது.

வரைந்த காகிதத்தைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துச் செல்லவும். காலணியின் இன்சோலை வெளியே எடுத்து, அதன்மேல் காகிதத்தை வைத்துப் பார்க்கவும். காகிதம் எந்தப் பக்கத்திலும் இன்சோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்தக் காலணி உங்களுக்குப் பொருந்தாது. எந்த எண் என்பதோ, எவ்வளவு விலை என்பதோ இதை மாற்றாது. இந்தியக் கடைகளில் வழங்கும் எண்கள் ஆங்கிலேய அளவுமுறையைச் சார்ந்தவை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு. ஒரே எண் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடுவதும் உண்டு.

நம்மவர்களுக்கு நீளத்தைவிட அகலமே பெரும்பாலும் சிக்கலாகிறது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 1 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதங்கள் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானவை என்று அதில் தெரியவந்தது. வெளிநாட்டு அச்சில் செய்த காலணி நம் சுண்டுவிரலின் ஓரத்தை அழுத்துவது இதனால்தான். அகலம் போதாதபோது பலர் ஓர் எண் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அப்போது நீளம் கூடி, குதிகால் உள்ளே வழுக்கி, கொப்புளம் உண்டாகிறது. அதற்குப் பதிலாக, அதே எண்ணில் அகலமான வகை உள்ளதா என்று கேட்டு வாங்கவும். விரல்கள் வளைந்து மேலெழும்பியிருந்தால், காலணியின் முன்பகுதியில் உயரமும் போதுமானதாக இருக்க வேண்டும். மேற்பகுதித் துணியில் விரல்முட்டிகள் புடைத்துத் தெரிந்தால் அது போதவில்லை என்று பொருள்.

ஷூ அணிய விருப்பமில்லாதவர்கள், குறிப்பாகப் புடவை உடுத்தும் பெண்கள் பலர், செருப்பையே விரும்புவர். அதில் தவறில்லை. பின்புறம் வாரும், முன்புறம் ஒட்டும் பட்டையும் உள்ள எம்.சி.ஆர். செருப்பு போதுமானது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் செல்லும் செருப்பு மட்டும் வேண்டாம். அந்த வார் விரலிடுக்கை அறுக்கிறது. செருப்பு கழன்றுவிடாமலிருக்க விரல்கள் ஓயாமல் இறுகப் பற்றிக்கொண்டும் இருக்க வேண்டியுள்ளது. ஆனால் ஏரிக்கரை முள்பாதைக்குத் திறந்த செருப்பைவிட மூடிய காலணியே பாதுகாப்பானது.

புதிய காலணியைப் பழக்குதல்

புதிய காலணியுடன் முதல் நாளே 8 கிலோமீட்டர் செல்லக் கூடாது. முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம். பிறகு கழற்றி, பாதம் முழுவதையும் பார்க்கவும். உள்ளங்காலைப் பார்க்க இயலாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கவனிப்பவர் பார்ப்பது மேலும் நல்லது. சிவந்த இடம் ஏதேனும் இருந்து, 20 முதல் 30 நிமிடங்களுக்குள் மறையவில்லை என்றால், அவ்விடத்தில் காலணி அழுத்துகிறது. இவ்வாறு பார்த்துக்கொண்டே ஒன்றிரண்டு வாரங்களில் நேரத்தைக் கூட்டவும். கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையை வைத்துப் பார்த்தால், ஒரு பாதத்தின் ஓர் இடம் மறு பாதத்தின் அதே இடத்தைவிடச் சூடாக இருப்பது தெரியும். வெப்பமானி கொண்டு அளப்பவர்கள் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வேறுபாட்டை எச்சரிக்கையாகக் கொள்கின்றனர். அவ்வாறு இருந்தால் நடையை நிறுத்தி ஓய்வெடுத்து, மருத்துவரிடம் காட்டவும்.

காலுறை இன்றிக் காலணி அணியக் கூடாது. தையல் விரல்களில் உறுத்தினால் காலுறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி அணியலாம். மேல்விளிம்பு கெண்டைக்காலை இறுக்கக் கூடாது. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயோ களிம்போ தடவலாம். விரலிடுக்கில் மட்டும் தடவ வேண்டாம்.

வெறுங்கால் நடை

இவ்வட்டாரத்தில் இதைச் சொல்லாமல் விட இயலாது. மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை அணிந்து நடப்பவர்கள் ஜி.எஸ்.டி. சாலை வழியே செல்கிறார்கள். பலர் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். திருக்கழுக்குன்றத்தில் பௌர்ணமி நாளில் மலையைச் சுற்றிவருவோரும், 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறுவோரும் அவ்வாறே. நம்பிக்கையைக் கைவிடுமாறு யாரும் கேட்கவில்லை. ஆனால் பாத உணர்ச்சி குறைந்தவர் நண்பகலில் தார்ச்சாலையிலோ கருங்கல் தளத்திலோ வெறுங்காலுடன் நடந்தால், சூடு தெரியாமலேயே உள்ளங்கால் முழுவதும் கொப்பளிக்கக்கூடும். அத்தகைய தீக்காயங்கள் ஆறப் பல வாரங்கள் ஆகின்றன. சிலருக்கு விரலை அகற்றும் நிலையும் வந்துள்ளது.

சாலையில் நடக்கும் தூரம் முழுவதும் காலணியுடன் நடந்து, சன்னிதி எல்லையில் மட்டும் கழற்றலாம். அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ தரிசனத்திற்குச் செல்லலாம். அனுமதி உள்ள இடங்களில் தடித்த பருத்திக் காலுறை அணியலாம். விரதம் மேற்கொள்ளும் குடும்பத்தினர் குருசாமியிடமோ கோயில் பெரியவரிடமோ முன்பே நோயைப் பற்றிச் சொன்னால், பெரும்பாலும் அவர்களே காலணி அணியுமாறு சொல்வார்கள். மாமல்லபுரம் கடற்கரை மணலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே சூட்டோடு உடைந்த சிப்பிகளும் உண்டு.

எப்போது மாற்ற வேண்டும்?

மேற்பகுதி புதிதாக இருப்பதால் காலணி நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. மெத்தை வெளியே தெரியாமல் தேய்கிறது. ஓட்டக் காலணிகளின் மெத்தை பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்று கணக்கிடப்படுகிறது. வாரத்தில் 5 நாட்கள், நாளொன்றுக்கு 4 கிலோமீட்டர் நடப்பவருக்கு அது 6 முதல் 9 மாதங்கள். உடல் எடை மிகுந்தவர்களுக்கு முன்பே தேயும். காலணியைச் சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒருபுறம் சாய்ந்திருந்தாலோ, மெத்தையின் பக்கவாட்டில் நிலையான சுருக்கங்கள் விழுந்திருந்தாலோ, இன்சோலில் ஓரிடம் மட்டும் பள்ளமாகியிருந்தாலோ, மாற்ற வேண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் காலணியை விட்டுவைக்க வேண்டாம். வெப்பத்தில் ஃபோம் விரைவில் தளர்கிறது.

நடக்கக் கூடாத நிலைகள்

ஆறாத புண் உள்ளவர்கள் எந்தக் காலணியை அணிந்தும் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. கடையில் வாங்கும் மெத்தைக் காலணி புண்ணுக்குச் சிகிச்சை ஆகாது. புண் உள்ள இடத்தில் எடை விழாமல் செய்யும் கட்டோ சிறப்புக் காலணியோ மருத்துவமனையில்தான் தரப்பட வேண்டும். ஒருமுறை புண் வந்து ஆறியவர்கள், விரல் அகற்றப்பட்டவர்கள், பாதத்தின் வடிவம் மாறியவர்கள் ஆகியோருக்கும் அளவெடுத்துச் செய்த காலணியே தேவை. இவர்கள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளை அணுகவும்.

காயம் எதுவும் இல்லாமல் ஒரு பாதம் மட்டும் திடீரென வீங்கி, சிவந்து, சூடானால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்கவும். நரம்பு பாதிப்பால் பாத எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். தொடர்ந்து நடந்தால் பாதத்தின் வடிவமே மாறிவிடும். புண்ணிலிருந்து துர்நாற்றம், சீழ், காய்ச்சல், விரல் கறுத்தல் ஆகியவை அவசர அறிகுறிகள். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கவும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமும் பாதத்தைப் பற்றித் தெரிவிக்கலாம்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது, வழக்கமாக நடக்க அணியும் பழைய காலணியையும் கையோடு எடுத்துச் செல்லவும். இன்சோலில் விழுந்துள்ள பள்ளங்களையும் அடிப்பகுதி தேய்ந்துள்ள விதத்தையும் பார்த்து, பாதத்தில் எந்த இடத்தில் எடை மிகுதியாக விழுகிறது என்பதை மருத்துவரால் கணிக்க முடியும்.